மூக்குக் கண்ணாடி இருக்கிறது, படம் எங்கே?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, லேபில் என்னோடு வேலை பார்த்த பழைய சகா போன் செய்தார். "சார், நம்ம டைரக்டர் சார் பேர்ல கண்காட்சி வெச்சிருக்காங்க. மியூசியம் மாதிரியே பண்ணியிருக்காங்களாம். நாளையோட முடியுது, வர்றீங்களா?" என்றார்.

அந்த டைரக்டர் சார் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. அவர் இப்போது இல்லை. குடும்பத்தார் நல்லவர்கள். விழா எடுத்தவர்களும் கெட்ட எண்ணத்தில் எடுக்கவில்லை. பெயர் வேண்டாம், விஷயம் மட்டும் போதும்.

மூட்டு வலியைப் பொருட்படுத்தாமல் ஆட்டோ பிடித்துப் போனேன். வாசலில் ஆளுயர கட்-அவுட். உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் அவருடைய மூக்குக் கண்ணாடி, பேனா, வெளியூர் படப்பிடிப்புக்குக் கொண்டு போன தோல் பெட்டி. அவர் உட்கார்ந்த மடக்கு நாற்காலியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. வெற்றி விழாக் கேடயங்கள் மட்டும் ஒரு சுவர் முழுக்க. மூலையில் பெரிய டி.வி. வைத்து அவர் படப் பாடல்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பாடல்களின் ஓரத்தில் ஏதோ ஒரு சானலின் முத்திரை. கூட்டம் நல்ல கூட்டம். எல்லோரும் நாற்காலி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்துக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

ஆங்கிலத்தில் 'ரெட்ரோஸ்பெக்டிவ்' என்று பெரிதாக எழுதி, '17 காவியங்கள்' என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஸ்டில் வைத்திருந்தார்கள். நான் விரல் விட்டு எண்ணினேன். பதினேழுதான். ஆனால் அவர் எடுத்தது பதினெட்டு. இரண்டாவது படம் இல்லை.

அங்கே நின்ற தன்னார்வலர் பெண்ணிடம் கேட்டேன். பேத்தி வயது. "அதுக்கு ஸ்டில் எதுவும் கிடைக்கலை அங்கிள், அதான் விட்டுட்டாங்க" என்றாள். "சரிம்மா, மத்த பதினேழுல ஏதாவது ஒண்ணு திரையிடுவீங்களா?" என்றேன். அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "படமா? யூடியூப்ல இருக்குமே அங்கிள்!"

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. வயசில் மூத்த எங்கள் மேல்தான். அதைத்தான் இந்தப் பதிவில் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'ரெட்ரோஸ்பெக்டிவ்' என்ற வார்த்தைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. ஒரு இயக்குநரின் படங்களை, ஓடியது ஓடாதது என்று பார்க்காமல், ஆரம்பத்திலிருந்து வரிசையாக, நல்ல பிரதியில், இருட்டுக் கூடத்தில் திரையில் காட்டுவது. நாற்காலியும் கண்ணாடியும் அதற்கு அப்புறம். ஓர் ஓவியருக்குக் கண்காட்சி வைத்து, அவருடைய தூரிகையையும் வேட்டியையும் மாட்டிவிட்டு, "ஓவியம் இன்டர்நெட்டில் இருக்கிறது" என்று சொன்னால் நாம் சிரிக்க மாட்டோமா?

நியூயார்க்கில் நவீனக் கலை அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. 1935இல் அங்கே திரைப்படத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார்கள். அதை நடத்தியவர் ஐரிஸ் பாரி என்ற அம்மையார். 1940இல் டி.டபிள்யூ. கிரிஃபித் என்ற பழைய இயக்குநருக்கு ஒரு பின்னோக்கு விழா எடுத்தார். அப்போது கிரிஃபித் கையில் வேலையில்லாத மனிதர். கடைசிப் படம் 1931இல் வந்ததோடு சரி, ஹாலிவுட் அவரைக் கைகழுவிவிட்டது. பாரி அம்மையார் முதலில் செய்தது பொன்னாடைக்கு ஆர்டர் கொடுப்பதல்ல. கிரிஃபித் ஆரம்ப காலத்தில் வேலை பார்த்த பயோகிராஃப் கம்பெனியின் பழைய நெகடிவ்களை அருங்காட்சியகத்துக்கு வாங்கி வைத்தார். அந்தக் கம்பெனியில் கிரிஃபித் எடுத்தவை நானூறுக்கும் மேற்பட்ட குட்டிப் படங்கள். ஐந்து சென்ட் டிக்கெட்டுக்குக் கொட்டகையில் காட்டிய சரக்கு. காவியம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

அதே கிரிஃபித் கறுப்பின மக்களைக் கேவலப்படுத்தி, முகமூடி போட்ட வெறிக்கூட்டத்தை வீரர்களாகக் காட்டியும் ஒரு படம் எடுத்தவர். அதுவும் அப்படியே இருக்கிறது. இருப்பதால்தான் இன்றைக்கும் அவரை நிறுத்திக் கேள்வி கேட்க முடிகிறது. படம் இல்லாவிட்டால் திட்டக்கூட முடியாது, புகழ மட்டும்தான் முடியும்.

இதே அருங்காட்சியகத்துக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. என் போன்ற லேப் ஆட்களுக்கு அது ரொம்பப் பிடித்த கதை. சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' முதன்முதலில் திரையிடப்பட்டது கல்கத்தாவில் அல்ல. 1955 மே 3 அன்று, இந்த நியூயார்க் அருங்காட்சியகத்தில். அங்கேயிருந்து வந்த மன்ரோ வீலர் என்பவர் ரே கையிலிருந்த சில ஸ்டில்களைப் பார்த்துவிட்டு, நாங்கள் வைக்கப்போகும் இந்தியக் கலைக் கண்காட்சிக்கு இதை அனுப்புங்கள் என்றார். அப்போது படம் முடியவே இல்லை. எடிட்டர் துலால் தத்தாவும் ரேயும் கடைசிப் பத்து நாள் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். லேபில் விடிய விடிய ஃபர்ஸ்ட் காப்பி போட்டார்கள். சப்டைட்டில் போடக்கூட நேரமில்லை. டப்பாவை அனுப்பப் போன இடத்தில், பான் ஆம் கவுண்டரிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டதாக ரே சொல்லியிருக்கிறார். அந்த லேபில் அன்று இரவு ஷிப்ட் பார்த்தவர்கள் யாரோ, எவரோ. அவர்கள் பெயர் எந்தக் கண்காட்சியிலும் இருக்காது. எங்கள் பெயர் எங்கேதான் இருந்தது, அதை விடுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 1992இல் ரேவுக்கு ஆஸ்கர் கௌரவ விருது கொடுக்க முடிவானது. விழாவில் காட்ட அவர் படங்களிலிருந்து துண்டுகள் தேடியபோது, கிடைத்த பிரதிகள் எல்லாம் பரிதாபமான நிலையில் இருந்தன. இவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று அந்த அகாதெமி கிளம்பியது. 1993இல் மூல நெகடிவ்கள் லண்டனில் ஹெண்டர்சன்ஸ் என்ற லேபுக்குப் போயிருந்த நேரம், அங்கே நைட்ரேட் ஃபிலிம் தீப்பிடித்தது. ரே படங்களின் நெகடிவ்கள் கருகிப் போயின.

நம் ஊராக இருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். "ஆண்டவன் சித்தம்" என்று ஒரு வரி எழுதி ஃபைலை மூடியிருப்போம். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கருகிய டப்பா, ஒட்டிப் போன சுருள், துண்டு துக்கடா, சாம்பல் உட்பட எல்லாவற்றையும் அமெரிக்காவுக்கு அனுப்பிப் பத்திரப்படுத்தினார்கள். அன்றைக்கு அதை வைத்து எதுவும் செய்ய முடியாது, எந்த லேபும் தொடாது. இருந்தாலும் வைத்திருந்தார்கள், இருபது வருடம்.

2013இல் கிரைட்டீரியன் கம்பெனி மறுபடி அதை எடுத்தது. இத்தாலியில் போலோன்யா ஊரில் உள்ள ஒரு லேபில், காய்ந்து மொறுமொறுவென்று போன ஃபிலிமுக்கு ஈரப்பதம் ஏற்றி, உருகிய பசையைச் சுரண்டி, ஓரத் துளைகளை ஒவ்வொன்றாகக் கையால் கட்டினார்கள். கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேரம் கை வேலை மட்டும். 'பதேர் பாஞ்சாலி' நெகடிவில் நாற்பது சதவீதம் வரை மீண்டது. 'அபராஜிதோ'வில் அறுபது சதவீதத்துக்கு மேல். மூன்றாவது படத்தின் நெகடிவ் தேறவில்லை. தேறாத பகுதிகளுக்கு வேறு காப்பகங்களில் கிடந்த டூப் நெகடிவ்களையும் மாஸ்டர் பாசிட்டிவ்களையும் தேடிப் பிடித்தார்கள். 2015 மே மாதம், முதல் திரையிடல் நடந்து அறுபது வருடம் கழித்து, அதே அருங்காட்சியகத்தில் திரையிட்டார்கள்.

அந்தச் சமயம் நான் நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். அருங்காட்சியகத் திரையிடலுக்குப் போக முடியவில்லை. சில நாள் கழித்து மாப்பிள்ளை என்னை மன்ஹாட்டனில் ஃபிலிம் ஃபோரம் என்ற தியேட்டருக்கு அழைத்துப் போனார். 'பதேர் பாஞ்சாலி'யை நான் அதற்கு முன் மூன்று தடவை பார்த்திருக்கிறேன், எல்லாம் மழை பெய்த பிரதிகள். அன்றைக்குத்தான் சுப்ரதோ மித்ரா என்ன வேலை செய்திருக்கிறார் என்று தெரிந்தது. குளத்துத் தண்ணீர் மேல் பூச்சி ஓடும் இடத்தில் சாம்பல் நிறத்திலேயே எத்தனை படிகள்! கிரேடிங் டேபிளில் பாதி ஆயுளைக் கழித்தவன் சொல்கிறேன், நம்புங்கள். மாப்பிள்ளை படம் முடிந்ததும், "கண் கலங்கிட்டீங்க போல மாமா, துர்கா சாகிற இடத்துலயா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது உண்மையில்லை. நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு.

தொண்ணூறுகளில், எங்கள் லேபில் நெகடிவ் வால்ட் ரிஜிஸ்டர் என் பொறுப்பில் இருந்தது. கோடம்பாக்கத்து வழக்கம் பழையவர்களுக்குத் தெரியும். தயாரிப்பாளர் ஃபைனான்சியரிடம் கடன் வாங்குவார், லேப் லெட்டர் கொடுப்பார், பாக்கி தீரும்வரை நெகடிவ் லேபிலேயே கிடக்கும். படம் ஓடினால் வந்து மீட்பார்கள். ஓடாவிட்டால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். லேபுக்கு வாடகை வராது. கடிதம் போட்டால் 'முகவரியில் இல்லை' என்று திரும்பி வரும். இப்படி வருடக்கணக்கில் சேர்ந்த டப்பாக்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். ஏ.சி. பாதி நாள் ஓடாது. மெட்ராஸ் புழுக்கத்தில் ஃபிலிம் புளித்துப் போய், கதவைத் திறந்தாலே காடி வாடை மூக்கைத் துளைக்கும். சில டப்பாவைத் திறந்தால் சுருள் முழுக்க ஒட்டிக்கொண்டு, நமுத்த அப்பளக் கட்டு மாதிரி இருக்கும்.

ஒரு நாள் மேலே இருந்து உத்தரவு வந்தது: கேட்பாரற்ற சரக்கைக் காலி செய்யவும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளி இருக்கிறது. எடை போட்டு வாங்கிக்கொண்டு போக ஆள் இருந்தது. பட்டியல் போட்டு, ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் டிக் அடித்து, கீழே கையெழுத்துப் போட்டவன் நான். நாலு நாள் வேலை. டெம்போவில் ஏற்றி அனுப்பினோம். அந்தப் பட்டியலில் டைரக்டர் சாரின் இரண்டாவது படமும் இருந்தது. பிக்சர் நெகடிவ், சவுண்ட் நெகடிவ், இரண்டும்.

ஒட்டிப் போன டப்பா இல்லை அது. நல்ல நிலையில் இருந்தது. திறந்து பார்த்தேன், தெரியும்.

சில வருடம் கழித்து அவரே வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. "தம்பி, அந்த ரெண்டாவது படத்தோட நெகடிவ் இருக்கா பாரு. டெல்லியில யாரோ கேக்கிறாங்க" என்றார். "தேடிப் பார்க்கிறேன் சார்" என்றேன். தேட என்ன இருக்கிறது? இரண்டாம் தடவையும் அதே பதில். மூன்றாம் தடவை கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு அவரே சொன்னார், "பரவாயில்ல தம்பி, ஓடாத படம்தானே." அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

இதை எழுதினால் சிலர் வழக்கமான பதில்களோடு வருவார்கள் என்று தெரியும். யூடியூபில் இருக்கிறதே என்பார்கள். யூடியூபில் இருப்பது பெரும்பாலும் எப்போதோ ஏதோ ஒரு தேய்ந்த பிரிண்டிலிருந்து டேப்புக்கு மாற்றி, டி.வி. அளவுக்கு இரண்டு பக்கமும் வெட்டி, விளம்பரத்துக்காக இரண்டு பாட்டையும் ஒரு காட்சியையும் தூக்கிய சரக்கு. சினிமாஸ்கோப் படத்தில் இரண்டு பேர் பேசினால் இருவருடைய மூக்கு மட்டும் தெரியும். கல்யாண ஆல்பம் தொலைந்த பிறகு அதன் ஜெராக்ஸ் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்வது போல இது.

இன்னும் சிலர், ரே உலக மேதை, நம்ம ஆள் எடுத்தது மசாலாதானே என்பார்கள். 1955 மே மாதத்தில் ரே யார் என்று நியூயார்க்கில் யாருக்குத் தெரியும்? விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே முதல் படம் எடுத்த ஒருவர், அவ்வளவுதான். எது மேதை, எது மசாலா என்று பிறகு வருகிறவர்கள் பார்த்து முடிவு செய்யட்டும். வெள்ளிக்காக எடை போடுகிறவன் முடிவு செய்யக் கூடாது.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் வந்தது. பி.கே. நாயர் என்ற மனிதர் தெருத் தெருவாக அலைந்து டப்பா சேர்த்தார். அவர் வருவதற்கு முன்பே நம்முடைய முதல் தமிழ் மௌனப் படம் நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' போய்விட்டது. 1931இல் வந்த முதல் பேசும் படம் 'காளிதாஸ்' போய்விட்டது. கே. சுப்ரமணியத்தின் 'தியாகபூமி'யை வெள்ளைக்காரன் தடை செய்தான், ஆனாலும் அது பிழைத்தது. பல படங்களுக்கு அந்தத் தடையைவிட நம் அலட்சியம் பெரிய ஆபத்தாகப் போயிற்று. 1954ஆம் வருடச் சட்டப்படி, ஒரு சமையல் குறிப்புப் புத்தகம் அச்சிட்டால்கூடக் கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்தாக வேண்டும். கோடி ரூபாய் போட்டு எடுக்கும் படத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் என்ற தனி மனிதர் ஸ்டில்லும் விவரமுமாக ஆயுள் முழுக்கச் சேர்த்திருக்காவிட்டால், பல படங்களின் பெயர்கூட நமக்கு மிஞ்சியிருக்காது. அவரும் 2016இல் போய்விட்டார்.

பணம் இல்லை என்ற பேச்சை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அன்றைக்கு அந்த ஹாலில் வாசல் அலங்காரம், எல்.இ.டி. திரை, மேடை, பிரமுகர்களுக்கு வெள்ளியில் நினைவுப் பரிசு எல்லாம் பார்த்தேன். வெள்ளி! அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போது ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

மகேந்திரன் 2019இல் மறைந்தார். 'முள்ளும் மலரும்' தொடங்கி 'சாசனம்' வரை இயக்கியவை பன்னிரண்டே படங்கள். நானூறு இல்லை, பன்னிரண்டு. நம் நகரத்தில் எந்த அருங்காட்சியகமாவது, எந்தக் கல்லூரியாவது, எந்தச் சங்கமாவது அந்தப் பன்னிரண்டையும் வருட வரிசையில், கிடைக்கும் மிகச் சிறந்த பிரதியில், ஒரு மாதம் திரையிடட்டும். 'உதிரிப்பூக்கள்' போடும் அதே மரியாதையோடு, ஓடாத படத்தையும் போடட்டும். அசோக்குமாரின் ஒளிப்பதிவு என்று மேடையில் பத்து நிமிடம் பேசுவதற்குப் பதில் அதைக் காட்டட்டும். கிடைக்காத படம் இருந்தால் அந்த நாளில் திரையை வெறுமையாக விட்டு, 'இந்தப் படம் நம்மிடம் இல்லை' என்று எழுதிப் போடட்டும். நான் முதல் வரிசையில் வந்து உட்காருகிறேன், பிளாஸ்க்கில் காபியோடு.

விழாக் குழுக்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மண்டபம் புக் செய்யும் முன்பு ஒரு நாள் ஒதுக்கி, அவர் படங்களின் நெகடிவ் எங்கே, பிரிண்ட் எங்கே, உரிமை யாரிடம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தயாரிப்பாளரின் பேரன் வீட்டுப் பரணில் டப்பா கிடக்கலாம். வெளிநாட்டுக்குப் போன பிரிண்ட் எங்காவது தங்கியிருக்கலாம். 'அபூர் சன்சார்' அப்படித்தான் மீண்டது. அந்தத் தாளை எழுத ஆளில்லை என்றால் எங்களைப் போல ரிடையர் ஆனவர்கள் இருக்கிறோம், சம்பளம் வேண்டாம். இன்றைய டிஜிட்டல்காரர்களும் சிரிக்க வேண்டாம். நாலு வருடமாக ஓட்டிப் பார்க்காத ஹார்ட் டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

கண்காட்சி முடிந்த மறு வாரம், விழாக் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பதினேழு அல்ல, பதினெட்டு, பலகையைத் திருத்துங்கள், அடுத்த ஊரில் வைக்கும்போதாவது சரியாக இருக்கட்டும் என்று. மரியாதையாகப் பதில் வந்தது. தகவலுக்கு நன்றி ஐயா, அந்தப் படம் தொடர்பாக ஸ்டில், போஸ்டர், பாட்டுப் புத்தகம் என்று ஏதாவது ஒன்று தங்களிடம் இருந்தால் அனுப்புங்கள், கட்டாயம் சேர்க்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

பீரோவைக் குடைந்தேன். அந்தப் படத்தின் பெயர் இருக்கும் காகிதம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்ட அந்தப் பட்டியலின் கார்பன் காப்பி. பெயருக்கு நேரே டிக் அடித்திருக்கிறது, பக்கத்தில் எடை போட்டிருக்கிறது. நாளைக் காலை ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் எடுத்து அதைத்தான் அனுப்பப் போகிறேன்.